போலீஸே செடானை விட்டுட்டாங்க, நீங்க ஏன் வாங்கணும்?



கார் பத்தி எப்ப வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "ப்ரோ, முதல் கார் வாங்கப் போறேன். சம்பளம் அறுபதாயிரம். செடானா, எஸ்.யூ.வியா?" நான் செடான் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சு பேசினா உடனே ஒரு பதிலும் வரும். "இந்தக் காலத்துல யாரு ப்ரோ செடான் வாங்குறா? போலீஸ்கூட விட்டுட்டாங்க."

உண்மைதான். மயிலாப்பூர் பக்கம் காமராஜர் சாலையில் டி.ஜி.பி. அலுவலகத்தைத் தாண்டிப் போகும்போது பாருங்க. பொலேரோ, இன்னோவா, எர்டிகா. எல்லாமே உயரமான வண்டிகள். கொஞ்ச வருஷம் முன்னாடி இதே சென்னையில் ரோந்துக்கு வெள்ளை ஹூண்டாய் ஆக்சென்ட் ஓடும், ஞாபகம் இருக்கா? அதுக்கும் முன்னாடி பெரிய அதிகாரி வர்றார்னா வெள்ளை அம்பாசடர். ஸ்டேஷனுக்கு ஜீப், மேலதிகாரிக்கு அம்பாசடர். தமிழ் சினிமாவே அந்தக் கணக்குலதான் ஓடுச்சு.

போலீஸ் செடானை விட்டது நிஜம். ஆனா ஏன் விட்டாங்க என்பதைப் பார்த்தா, அதே காரணம் உங்களுக்கு ஒத்துவராதுன்னு புரியும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கு. ரங்கநாதன் தெருவுக்கு ஆயிரம் தடவை போயிருப்பீங்க, இங்கே ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டீங்க. அங்கே அவருடைய அம்பாசடர், டி.எம்.எக்ஸ் 4777, இன்னும் நிக்குது. சினிமாவில் அவ்வளவு சம்பாதிச்சவர், மாநிலத்தின் முதலமைச்சர். அவர் பயன்படுத்தினதும் ஒரு தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிக்கிற அதே வண்டிதான். வேற வழி இல்லைங்கிறது பாதிக் காரணம். லைசென்ஸ் காலத்தில் அம்பாசடர், பியட், நம்ம ஊர் ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான் சாய்ஸ். 1983 டிசம்பரில் மாருதி 800 வரும் வரைக்கும் நிலைமை அதுதான்.

மீதிப் பாதிக் காரணம்தான் நமக்கு முக்கியம். அரசாங்கத்துக்கு அம்பாசடர் கணக்குப்படி சரியா வந்தது. 1950-களின் இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வடிவம் அது. பல வருஷத்துக்கு அடிப்படை மாறவே இல்லை. அதனால எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அந்த வண்டி மனப்பாடம். புது பார்ட்ஸ் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், பழசு புதுப்பேட்டையில் கிடைக்கும். பின் சீட்டில் மூணு பேர் தாராளமா உட்காரலாம், டிக்கியில் ஃபைல் மூட்டையே போடலாம். வேகம் கிடையாது, ஏசி இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஆனா நடுரோட்டில் நின்னா மறுநாள் ஓடிடும்.

எங்க பெரியப்பா மந்தைவெளியில் இருக்கார். ஒரு அரசுத் துறையில் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். பல வருஷம் அம்பாசடர்தான் ஓட்டினார். அவர்கிட்ட வண்டியைப் பத்திக் கேட்டா எஞ்சினைப் பத்திப் பேச மாட்டார், லாக் புக்கைப் பத்திப் பேசுவார். காலையில் மீட்டர் எவ்வளவு, சாயந்திரம் எவ்வளவு, எங்கே போச்சு, யாருக்காகப் போச்சு, எத்தனை லிட்டர் போட்டோம், கீழே அதிகாரியின் கையெழுத்து. ஒரு வண்டி எவ்வளவு ஓடுச்சு, எவ்வளவு சாப்பிட்டுச்சு, எப்போ 'கண்டம்' பண்ணி ஏலத்துக்கு அனுப்பணும், எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்துதான் வரும். வண்டி வாங்கின விலையை யாரும் பேச மாட்டாங்க, ஓட்டுற விலையைத்தான் பேசுவாங்க.

இப்போ ஒரு நிமிஷம் அமெரிக்கா போயிட்டு வரலாம், ஏன்னா இதே கதை அங்கே இன்னும் பெருசா நடந்திருக்கு.

ஹாலிவுட் படத்தில் பார்த்திருப்பீங்க, நீளமான, அகலமான போலீஸ் கார். பெரும்பாலும் அது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இழுப்பு, லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த பாடி. புது டெக்னாலஜி எதுவும் இல்லை. ஆனா துரத்தலில் பிளாட்ஃபார்ம்ல ஏறி இடிச்சாலும், நசுங்கின பாகத்தைக் கழட்டி மாத்திட்டு ரோட்டுக்கு அனுப்பிடலாம். பல ஊர் போலீஸுக்கும் அதே வண்டி என்பதால் பார்ட்ஸுக்குக் குறையே இல்லை. போலீஸ் கழிச்சு விட்ட வண்டிகள் டாக்ஸியா இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தன. அமெரிக்காவின் அம்பாசடர்னே சொல்லலாம்.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா மண்டையில் ஓடிட்டே இருக்கு. 2008 மாடலில் இருந்து அமெரிக்காவில் கிரவுன் விக்டோரியாவை சாதாரண ஆள் ஷோரூம் போய் வாங்கவே முடியாது. போலீஸ், டாக்ஸி கம்பெனி மாதிரி மொத்தமா வாங்குறவங்களுக்கு மட்டும்தான். அதாவது பொதுமக்கள் ஏற்கெனவே அந்த மாதிரி வண்டியை விட்டு எஸ்.யூ.விக்குப் போயிட்டாங்க, போலீஸ் ஆர்டர் என்கிற டிரிப்ஸில்தான் அந்தக் கார் உயிரோட இருந்தது. 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஆலையையும் மூடிட்டாங்க.

செவ்ரோலே கதை இன்னும் பச்சையா இருக்கும். அவங்களோட கேப்ரிஸும் போலீஸுக்கு ரொம்பப் பிடிச்ச பெரிய செடான். 1996-ல் நிறுத்தினாங்க. விற்காம போனதால் மட்டும் இல்லை. அது தயாராகிட்டிருந்த டெக்சஸ் ஆர்லிங்டன் ஆலையைப் பெரிய எஸ்.யூ.வி., பிக்அப் செய்ய மாத்தினாங்க. அதில் லாபம் அதிகம். அங்கே எரிபொருள் சிக்கன விதியிலும் காரைவிட 'டிரக்' வகைக்குச் சலுகை. எஸ்.யூ.வி. அந்த 'டிரக்' கணக்கில் வந்துடும். போலீஸ்காரங்க கேப்ரிஸ் வேணாம்னு சொல்லலை, கம்பெனிதான் வேணாம்னு சொல்லுச்சு. அப்புறம் ஃபோர்டு 2018-ல் அமெரிக்காவில் செடான்களை ஒவ்வொண்ணா நிறுத்தப் போறோம்னு அறிவிச்சது. டாட்ஜ் சார்ஜர் 2023-ல் நின்னது. இப்போ அமெரிக்க போலீஸுக்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் மாதிரி எஸ்.யூ.வி.தான்.

இதில் நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. "எஸ்.யூ.வியில் லாபம் அதிகம்"னு கம்பெனி சொல்லுதே, அந்த லாபம் யார் பாக்கெட்டில் இருந்து வருது?

நம்ம ஊர்லயே பாருங்க. மாருதி பலேனோவும் ஃப்ரான்க்ஸும் ஒரே அடித்தளம். 1.2 லிட்டர் எஞ்சின்கூட அதேதான். ஒண்ணு கொஞ்சம் உயரமா, முரட்டு முகத்தோட இருக்கும், விலையும் கூட. உயரத்துக்கும் முகத்துக்கும் காசு கொடுக்கிறது தப்புன்னு நான் சொல்லலை. கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

அம்பாசடருக்கு வருவோம். வாஜ்பாய் காலத்திலேயே பிரதமரின் வண்டி பி.எம்.டபிள்யூவுக்கு மாறிடுச்சு. 2010-ல் சென்னை உட்பட பெருநகரங்களில் பி.எஸ்.4 புகை விதி வந்தப்போ பழைய எஞ்சின் திணறுச்சு. 1980-களின் நடுவில் வருஷத்துக்கு 24,000 வண்டி வரை போட்ட உத்தரபாரா ஆலை, 2013-14-ல் சுமார் 2,200-தான் வித்தது. அதிலும் பெரும்பகுதி டாக்ஸியும் அரசாங்கமும். 2014 மே மாதம் ஆலை நின்னது. 2017-ல் அம்பாசடர் என்கிற பெயரை மட்டும் பீஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கினாங்க. சென்னையில் ஒரு நல்ல ஏரியாவில் பெரிய வீட்டு மனை அந்த விலை சொல்றாங்கப்பா.

சரி, போலீஸ் ஏன் உயரமான வண்டிக்குப் போனாங்க? ஒரு ரோந்து வண்டியில் வயர்லெஸ், லத்தி, தடுப்புப் பலகை, சமயத்துல பிடிச்ச ஆள், எல்லாம் ஏறணும். ஷிஃப்டுக்கு நூறு தடவை ஏறி இறங்கணும். ராத்திரி பகலா ஓடணும். இவ்வளவு ஓடுற வண்டிக்கு விலை கொஞ்சம் கூட இருந்தாலும் கிலோமீட்டருக்குப் பிரிச்சா கரைஞ்சிடும். அதுவும் அவங்க ஈ.எம்.ஐ. கட்டுறதில்லை. பட்ஜெட்டில் இருந்து வருது. பதினஞ்சு வருஷம் தாண்டின அரசு வண்டிக்கு 2023 ஏப்ரலுக்கு அப்புறம் பதிவைப் புதுப்பிக்கவும் முடியாது, ஸ்கிராப்தான். மறுவிற்பனை விலை அவங்களுக்கு ஒரு கவலையே இல்லை.

உங்களுக்கு? நீங்க அடையாறில் இருந்து ஓ.எம்.ஆர். ஆபீஸுக்கு வாரத்தில் ரெண்டு நாள் போவீங்க. ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர். மாசத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர். வாழ்க்கையில் யாரையும் துரத்தப் போறதில்லை.

இப்போ என் கதை. கொஞ்சம் கூச்சமாதான் இருக்கு, ஆனா பணத்தைப் பத்திப் பேசுறவன் தன் முட்டாள்தனத்தை மறைக்கக் கூடாது.

2018 செப்டம்பரில் ஒரு டீசல் காம்பாக்ட் எஸ்.யூ.வி. வாங்கினேன். ஆன்-ரோடு 12 லட்சம். கையில் இருந்து 2 லட்சம், லோன் 10 லட்சம், 9% வட்டி, 7 வருஷம். ஈ.எம்.ஐ. 16,089. "பதினாறாயிரம்தானே, சமாளிச்சிடலாம்" என்பதுதான் அன்னைக்கு நான் போட்ட மொத்த ஃபைனான்ஷியல் பிளானிங். டீசல் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, மைலேஜ். மாசம் எவ்வளவு ஓட்டுவேன்னு தெரியாதவன் மைலேஜ் பார்த்து வாங்கினேன்!

2020-ல் கொரோனா. சம்பளத்தில் 30% வெட்டு. அந்த ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததால என் வண்டியில் இருந்த டீசல் எஞ்சினையே கம்பெனி நிறுத்திடுச்சு. செப்டம்பரில் விக்கலாம்னு போனேன். 24 ஈ.எம்.ஐ. கட்டியிருந்தேன், அதாவது 3,86,000 ரூபாய். அசல் எவ்வளவு குறைஞ்சிருந்தது தெரியுமா? 2,25,000. மீதி எல்லாம் வட்டி. பாங்குக்கு இன்னும் 7.75 லட்சம் கட்டணும். டீலர் கொடுத்த விலை 7.40 லட்சம்.

வண்டியையும் கொடுத்து, மேல 35,000 ரூபாயும் கொடுத்துட்டு, லோனை முன்கூட்டி முடிக்கிற கட்டணத்தையும் கட்டிட்டு, வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன்.

அன்னைக்கு பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்டா ஓட்டின?" டீலர் எழுதிக் கொடுத்த பேப்பரைப் பார்த்துச் சொன்னேன். 10,200. அவர் நாள்காட்டியைக் கிழிச்சு பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். முன்பணம் 2 லட்சம், ஈ.எம்.ஐ. 3.86, கடைசியில் கொடுத்த 35 ஆயிரம். ஆக 6.21 லட்சம். கிலோமீட்டருக்கு 61 ரூபாய். டீசல், சர்வீஸ், ரெண்டாம் வருஷ இன்சூரன்ஸ் எல்லாம் தனி. சென்னையில் 2013-ல் அரசாங்கம் நிர்ணயிச்ச ஆட்டோ கட்டணம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். நாம மீட்டர் விலையில் எப்போ போயிருக்கோம், அது வேற கதை. ஆனா டபுளாக் கேட்டாக்கூட 24தானே?

"லாக் புக் எழுதாத வண்டியை எவன்டா ஓட்டுவான்?"னு சொல்லிட்டு டிவி பார்க்கப் போயிட்டார்.

அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் கார் இல்லாமதான் இருந்தேன். 2022-ல் ஐந்து வருஷம் ஓடின ஒரு பெட்ரோல் செடானை 6 லட்சத்துக்கு வாங்கினேன். புதுசா வாங்கினவர் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல கொடுத்திருந்தார். ஊரே எஸ்.யூ.வி. பக்கம் ஓடுறதால யூஸ்டு மார்க்கெட்டில் செடானுக்கு அடிதடி கிடையாது. இந்தியாவில் விக்கிற புதுக் கார்களில் பாதிக்கு மேல் இப்போ எஸ்.யூ.வி., எம்.பி.வி. வகைதான். கோரொல்லா போயிடுச்சு, சிவிக் போயிடுச்சு, யாரிஸ் போயிடுச்சு, 2025-ல் சியாஸும் போயிடுச்சு. எல்லாரும் ஓடுற பக்கம் விலை ஏறும், ஓடி வர்ற பக்கம் விலை இறங்கும். ஷேர் மார்க்கெட் பத்திப் பேசும்போது இதை நீங்களே எனக்குச் சொல்லுவீங்க. கார் விஷயத்தில் மட்டும் மறந்துடுவீங்க.

ரெண்டையும் பெரியப்பா முறையில் கணக்குப் போடலாம். மாசம் 500 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 101 ரூபாய்னு வச்சுக்கலாம்.

புது எஸ்.யூ.வி.: 12 லட்சம், அதே 10 லட்சம் லோன், 7 வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்சு 4.5 லட்சத்துக்கு விக்கிறீங்க. விலையில் போனது 7.5, வட்டியில் போனது 3.5. ஆக 11 லட்சம், மாசத்துக்கு 13,100. இன்சூரன்ஸ் 2,900, சர்வீஸ் 1,000, பெட்ரோல் 3,400. மொத்தம் 20,400. கிலோமீட்டருக்கு 41 ரூபாய். என்னை மாதிரி நடுவில் மாட்டிக்காம இருந்தாலே இவ்வளவு.

பழைய செடான்: 6 லட்சம், அதில் 4 லட்சம் லோன், யூஸ்டு காருக்கு வட்டி அதிகம் என்பதால் 12%, மூணே வருஷம். வட்டி 78,000. ஐந்து வருஷம் ஓட்டி 2.5 லட்சத்துக்கு வித்தா மாசத்துக்கு 7,100. இன்சூரன்ஸ் 1,500, பழைய வண்டி என்பதால் சர்வீஸுக்கு டபுளா 2,000, பெட்ரோல் அதே 3,400. மொத்தம் 14,000. கிலோமீட்டருக்கு 28 ரூபாய்.

வித்தியாசம் மாசம் 6,400. ஐந்து வருஷத்தில் ஒரு பைசா வருமானம் இல்லாம வச்சாலே 3.8 லட்சம். விக்கிற விலையும் சர்வீஸும் என் அனுமானம்; உங்க வண்டிக்கு உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. மாசம் 1,500 கி.மீ. ஓட்டுறவங்களுக்கு இந்த இடைவெளி கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்க்குச் சுருங்கிடும். அவங்ககிட்ட நான் வாதாட மாட்டேன். போலீஸும் அந்தக் கட்சிதான்.

"எல்லாம் சரி, வெள்ளம் வந்தா?" இதைக் கேட்காத சென்னைக்காரர் கிடையாது. நியாயமான கேள்வி. ஆனா செடானுக்கும் காம்பாக்ட் எஸ்.யூ.விக்கும் தரை இடைவெளி வித்தியாசம் பெரும்பாலும் ரெண்டு, மூணு சென்டிமீட்டர். முட்டியளவு தண்ணி நிக்கிற தெருவில் மூணு சென்டிமீட்டர் உங்களைக் காப்பாத்தாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையா கார் நிறுத்தினாங்களே, அந்த வரிசையில் எஸ்.யூ.வி. இல்லையா என்ன? உயரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவரும் பாலத்துக்குத்தான் வந்தார். இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க, அது போதும்.

வெள்ளத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேற. நின்னு போன மாடல். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் வண்டி போடுறதை நிறுத்தப் போறோம்னு 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்த அன்னைக்கு, ஃபோர்டு வச்சிருந்த என் நண்பர்கள் எல்லாரும் முதல்ல தேடினது தங்க வண்டியின் விலையைத்தான். சர்வீஸ் தொடருது, பார்ட்ஸும் வருது, ஆனா வாங்க வர்றவர் முகம் மாறிடுச்சு. அதனால பழைய செடான் வாங்கும்போது தெருவில் எத்தனை ஓடுதுன்னு எண்ணிப் பாருங்க. சிட்டி, வெர்னா, டிசையர் மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடுற வண்டின்னா புதுப்பேட்டை உங்களைக் கைவிடாது. அபூர்வமான வண்டி, அடிமாட்டு விலைன்னா ஓடிடுங்க. அம்பாசடர் அத்தனை வருஷம் ஓடினது ஊர் பூரா பார்ட்ஸ் இருந்ததால. அதே காரணத்தைத் தேடுங்க.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. கபாலீஸ்வரர் கோவில் வாசலில் இறக்கிவிடும்போது செடான் சீட்டில் இருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடிச்சுக்கணும். போன மாசம் பெரியப்பாவும் அதையே சொன்னார், "அம்பாசடர் சீட்டு இவ்வளவு கீழ இருக்காதுடா." ஒருவேளை எனக்கும் அடுத்தது உயரமான வண்டியா இருக்கலாம். பழசாதான் பார்ப்பேன், மூணு வருஷ லோனுக்கு மேல போக மாட்டேன். டாஷ்போர்டில் ஒரு நாற்பது ரூபாய் நோட்டு கிடக்கு. இந்த மாசக் கணக்கு 438 கி.மீ., 29 லிட்டர். கையெழுத்துப் போட அதிகாரி இல்லாததால அம்மா போடுறாங்க.